வெந்நீருக்கு மூலை இல்லை

மார்ச் 5

நர்ஸம்மாவுக்கு,

ஏழு மாதமாக உனக்கு எழுதவில்லை. இப்போதும் சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு சந்தேகம், அதற்கு மட்டும் பதில் போடு. போனில் கேட்டிருக்கலாம். உன் குரல் காதில் விழுந்தால் என் வாயில் வேறு வார்த்தை வரும். அதனால் தபால்.

மூன்று நாள் முன்பு ரூமில் வெந்நீர் கொட்டிவிட்டது. இடது முன்கை, உள்பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. பதறிப்போய் டூத்பேஸ்ட் பூசிவிட்டேன். கம்பெனி வாசலில் இருக்கிற கிளினிக்கில் அதைக் கழுவி, களிம்பு போட்டு, துணி சுற்றி, அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். இன்று கை சிவந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. "காத்தாட விடு, காஞ்சாத்தான் ஆறும்" என்கிறாள் ரூம்காரி. அவள் பட்டன் பிரிவு. பட்டன் வைப்பதில் கெட்டிக்காரி. வைத்தியம் எப்படி என்று தெரியவில்லை.

திறந்து வைக்கவா, மூடி வைக்கவா?

அம்மாவிடம் மூச்சு விடாதே. கேட்ட நிமிஷம் பஸ் ஏறிவிடுவாள், எங்கே இறங்குவது என்று தெரியாது.

இப்படிக்கு,
உனக்குத் தெரிஞ்சவங்க


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

கடிதம் இன்று மதியம் கிடைத்தது. வார்டின் மருந்து அறையில் நின்றபடியே படித்தேன். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

மூடி வை. சிவப்பும் சூடும் வீக்கமும் முதல் சில நாட்களுக்கு வரத்தான் வேண்டும். அடிபட்ட இடத்துக்கு உடம்பு தன் ஆட்களை அனுப்புகிறது. செத்ததை அள்ளிப்போட வருகிற கூட்டம் அது. கூட்டம் என்றால் நெரிசல் இருக்கும் அல்லவா? ஆனால் அந்தச் சிவப்பு முழங்கையை நோக்கி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதே.

காய விடக்கூடாது. புதுத் தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும். ஈரமான தரையில்தான் அதற்கு ஊரத் தெரியும். பொருக்கு கட்டினால் அதற்கு அடியில் சுற்றி வளைத்து வர வேண்டும். துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காதே. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர் விட்டு ஊற வை, தானாக விடும். டூத்பேஸ்டைப் பல்லோடு நிறுத்திக்கொள்.

கடிதம் கட்டுப் போடாது, அக்கா. வாரம் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறைக்குப் போ. இன்னொரு வேலையும் உண்டு. கட்டு மாற்றும் நாளில், கழுவிய பிறகு, சுத்தமான பிளாஸ்டிக் உறை ஒன்றை இரண்டு மடிப்பாகப் புண்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரை. புண்ணைத் தொட்ட மடிப்பை எறிந்துவிட்டு, மேல் மடிப்பைத் தேதி போட்டு எனக்கு அனுப்பு. வார்டில் நாங்கள் இப்படித்தான் புண் சிறுக்கிறதா என்று பார்ப்போம். கண் ஏமாறும், கோடு ஏமாறாது.

பட்டமளிப்பு நாளைப் பற்றி எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 13

நர்ஸம்மா,

வரைந்து அனுப்பியிருக்கிறேன். எது முழங்கைப் பக்கம் என்று அம்பு போட்டிருக்கிறேன். எட்டு வருஷம் கட்டிங் மேஜையில் துணி மேல் அளவு வரைந்த கை. வரைவது புண்ணாக இருந்தாலும் கோடு கோணாது.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற அம்மா நான் பிளாஸ்டிக் எடுப்பதைப் பார்த்து, "இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சவங்க" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. நீயும் இப்படித்தான் அனுபவித்தாயா?

நீ மூன்று தாள் கிழித்தாய். நான் அன்றைக்கு மூன்று பஸ் மாறி வந்தேன். உன் கறுப்புக் கவுனை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றேன். உன் மேடம் வந்து, "இவங்க யாரு?" என்றார். நீ என் செருப்பைப் பார்த்தாய். பிறகு, "தெரிஞ்சவங்க மேடம்" என்றாய். நம் வீட்டிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நீ. பட்டம் வாங்கிய அன்றைக்கே என்னை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாய்.

இதற்கு மேல் எழுதினால் கை வலிக்கும். வலது கை.

தெரிஞ்சவங்க


மார்ச் 17

அக்கா,

நீ எழுதியது எல்லாம் நடந்தது. செருப்பைப் பார்த்ததும் உண்மை. வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தாய். அந்த மேடம் ஒரு வார்த்தை கூடத் தப்பாகக் கேட்கவில்லை. பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றதும் என் வாய் தானாக ஒரு பொய்யைத் தேடி எடுத்துக்கொண்டது. எனக்குக் கூச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். கூச்சம் என்றால் காது சிவக்கும், அவ்வளவுதான். நான் செய்தது கூச்சம் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகும் தைரியம் இல்லை. ஆனால் போக வேண்டியிருக்கிறது.

நீ வரைந்த கோட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கொட்டிய புண்ணை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஓடும், சிதறும், சொட்டும். ஓரம் நெளிந்திருக்கும், பக்கத்தில் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருக்கும். நீ அனுப்பியதில் ஒரு பக்கம் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கிறது. அது முடியும் இடத்தில் மழுங்கலாக ஒரு மூலை.

வெந்நீருக்கு மூலை இல்லை, அக்கா.

உன் கோடு கோணாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். என்ன நடந்தது?

உன் தங்கை


மார்ச் 22

அடியே,

உன்னைப் படிக்க வைத்தது தப்பு.

காலர் பிரஸ். சட்டைக் காலரை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து சூட்டுப் பலகை இறங்கி அழுத்தும். அதில் இருந்தவள் வேலையை விட்டுப் போனதால் பிப்ரவரியில் என்னைக் கட்டிங் மேஜையிலிருந்து அங்கே மாற்றினார்கள். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் பலகை இறங்காது. ஆனால் துணி பட்டாலும் நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் பத்து தடவை நிற்கும். சூப்பர்வைசர் வந்து, "இந்தச் சனியனை ஓரமா இழுத்துக் கட்டும்மா, மதியத்துக்குள்ள இந்த லாட் சட்டை எல்லாம் போகணும்" என்றார்.

கட்டச் சொன்னது அவர் வாய். ஒரு துண்டுத் துணியை எடுத்து முடிச்சுப் போட்டது என் கை. நகர்ந்துவிட்ட காலரைச் சரி செய்யக் கையை உள்ளே விட்டேன். கால் பெடலில் இருந்தது. அவ்வளவுதான். டூத்பேஸ்ட் பூசியதும் நான் இல்லை, அவர்தான். அவர் மேஜையில் எதற்கு டூத்பேஸ்ட் வைத்திருக்கிறார் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

கிளினிக்குக்கும் கூடவே வந்தார். "வீட்ல சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லிடும்மா. கம்பெனின்னு எழுதுனா உனக்குத்தான் அலைச்சல்" என்றார். டாக்டர் கேட்கும்போது என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் சொல்லிவிட்டேன். அட்டையிலும் அப்படியே எழுதியிருக்கிறது. உன் கடிதத்தில் ‘பெரிய ஆள் பக்கத்தில் நின்றதும்’ என்று படித்தபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. அதற்காகவே உன்மேல் கோபம் வந்தது.

இப்போது ஒரு தாளை நீட்டுகிறார்கள். ‘வீட்டில் பட்ட காயம். முழுதும் ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்புகிறேன்.’ மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வராதே. எனக்கு வேறு தொழில் தெரியாது. பிரஸ்ஸில் இப்போது ஒரு புதுப் பெண் நிற்கிறாள். கம்பி இன்னும் கட்டித்தான் இருக்கிறது. நான் போட்ட அதே முடிச்சு.

புண்ணில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது. அழுகுகிறதா? கையெழுத்துப் போடவா?

அக்கா


மார்ச் 26

அக்கா,

மஞ்சள் முதலில். அது செத்துப்போன சதை இளகி வருவது. நாற்றமும் காய்ச்சலும் இல்லையென்றால் அழுகல் இல்லை. ஆனால் அது அங்கே உட்கார்ந்திருக்கும்வரை கீழிருந்து புதுச் சதை ஏறாது. ஆஸ்பத்திரி அம்மாவிடம் காட்டு, அவரே பதமாக எடுத்துவிடுவார். நீயாகச் சுரண்டாதே, கத்தரிக்கோலை அந்தப் பக்கம் வை.

இரண்டாவது கேள்வி. எங்கள் வார்டில் ஒருவர் வந்தார். வெளியே பார்த்தால் மேல்தோல் அழகாக மூடியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். திறந்ததும் உள்ளே இருந்ததைப் பார்த்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். குழிப்புண் அடியிலிருந்து நிரம்பி மேலே வர வேண்டும். மேலே மட்டும் மூடினால் அது ஆறியது இல்லை, ஒளிந்தது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே.

எளிதாக எழுதிவிட்டேன். வேலை போனால் போவது உனக்கு. அதுவும் தெரியும். ஆனால் ‘முழுதும் ஆறிவிட்டது’ என்பது பொய் என்று சொல்ல எனக்குப் படிப்பு இருக்கிறது. எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். இதை எழுதும்போதே காது சூடாகிவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன். தொழிலாளர் அலுவலகம் என்று ஒன்று இருக்குமே, அங்கே போ. ஒவ்வொரு வாரமும் வரை. நிறுத்தாதே.

உன் தங்கை


ஏப்ரல் 6

அடியே ஊமை,

தாளை அவர் மேஜையில் திருப்பி வைத்துவிட்டேன். "என்னம்மா, பேனா இல்லையா?" என்றார். "பேனா இருக்கு சார், புண்ணும் இருக்கு" என்று சொன்னேன். வேலை தரவில்லை. உள்ளே வராதே என்றும் எழுத்தில் தரவில்லை. அதனால் தினமும் எட்டு மணிக்குப் போய் வாசல் ஸ்டூலில் உட்காருகிறேன். வாட்ச்மேனுக்கு என்னால் தர்மசங்கடம். மூன்றாம் நாள் அவரே ஸ்டூலை நிழலுக்கு நகர்த்திப் போட்டார்.

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். அதிகாரி 24ஆம் தேதி கம்பெனிக்கே வந்து விசாரிப்பாராம். சூப்பர்வைசர் கிளினிக் அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார்.

நேற்றுக் கட்டைப் பிரித்ததும் பயந்துவிட்டேன். மஞ்சள் எல்லாம் போய் ரத்தச் சிவப்பாக, மாதுளை முத்துக் கொட்டியதுபோல் மணி மணியாக இருக்கிறது. துணி லேசாக உரசினதும் ரத்தம். ரூம்காரி "ஐயோ, மோசமாயிடுச்சு" என்று அழுதாள். நான் அழவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

ரூம்காரிக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடு. அந்த மாதுளை முத்துக்காகத்தான் நாங்கள் வார்டில் காத்துக் கிடப்போம். புதுச் சதை அது, புது ரத்தக் குழாய்கள் நிறைந்தது. பச்சைப் பிள்ளை மாதிரி, தொட்டால் அழும். ஓரத்தில் வெளிர் ரோஸ் நிறத்தில் மெல்லிய கரை தெரிந்தால் அதுதான் தோல். இனி அது நடுவை நோக்கி வரும். நீ அனுப்பிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ஒவ்வொன்றும் முந்தியதற்குள் அடங்குகிறது.

24ஆம் தேதிக்கு விடுப்புக் கிடைத்தது. அன்று இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாள் காலை டியூட்டிக்கு நிற்க முடியும்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கவே பிடிக்கவில்லை. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் நல்லவர். "கூடப் பிறந்தவன்னு சொன்னா உன் பேச்சை எடுத்துக்க மாட்டாங்க. கோட்டைப் பார்த்த நர்ஸுன்னு மட்டும் சொல்லு, அப்பதான் எடுபடும்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். வேலை உன்னுடையது. நீ சொல், நான் யாராக வரட்டும்?

உன் தங்கை


ஏப்ரல் 14

தெரிஞ்சவங்க என்றே சொல். சொல்லிப் பழகின வாய்தானே. இந்தத் தடவை காரியத்துக்காக, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு என் கட்டிங் மேஜை திரும்ப வேண்டும். அந்தக் கம்பி அவிழ வேண்டும்.

பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்து வா.

செருப்பு புதிதாக வாங்கிவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 26

ஊமைக்கு,

நீ பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நடந்ததை எழுதுகிறேன். அதற்கு முந்தியதையும் எழுதுவேன், ஏனென்றால் உன் முகம் உனக்குத் தெரிந்திருக்காது.

அதிகாரி "நீங்க யாரும்மா?" என்று கேட்டதும் உன் காது தீயாகிவிட்டது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டேன், நீ சொல்லப்போவதைக் கேட்கும்போது உன்னைப் பார்க்க வேண்டாம் என்று. நீ சொன்னாய்: "அவங்க தங்கச்சி. கூடப் பிறந்தவ. நர்ஸ்." இந்த வரிசையில்.  அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. சூப்பர்வைசர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு சிரிப்பு. "பாத்தீங்களா சார், சொந்தக்காரங்க!" அதிகாரியும், "சொந்தம்னா சாட்சியா எடுக்க முடியாதும்மா, வெளியில உக்காருங்க" என்றார். எனக்கு உன்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது. கட்டிப் பிடிக்கலாம் போலவும் இருந்தது.

நீ எழுந்தாய். அந்த ஏழு பிளாஸ்டிக்கையும் மேஜையில் வரிசையாக வைத்தாய். "நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். முதல்ல வரைஞ்சதை அந்த மிஷின் மேல வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். பத்து பேர் முன்னால் டீ கேட்கவே கூச்சப்படுகிறவள்.

அதிகாரி பிளாஸ்டிக்கைப் புரட்டினார். பிறகு, "எங்கே அந்த மிஷின்?" என்றார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு நடந்தார். போய்க் கம்பியை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார். என் முடிச்சு அவசரத்துக்கு அவிழாது. நாங்கள் போய்ச் சேரும்போது நகத்தால் பிராண்டிக்கொண்டு நின்றார்.

மிஷினை அணைத்துப் பலகை ஆறும்வரை காத்திருந்தோம். துணி மேல் பேட்டர்ன் வைப்பதுபோல் நானே கோட்டை வைத்தேன். நேர்ப்பக்கம் பலகையின் விளிம்போடு போயிற்று. மூலை மூலையில் உட்கார்ந்தது. ஒரு நூல் தள்ளவில்லை. அதிகாரி குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கம்பியைக் கட்டினது யாரு?" என்றார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். "நான்தான் சார் கட்டினேன். முடிச்சு என்னுது. கட்டச் சொன்னது யாருன்னு அவரைக் கேளுங்க. கிளினிக்ல பொய் சொன்னதும் நான்தான். சொல்லச் சொன்னது யாருன்னும் கேளுங்க" என்றேன்.  

சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் அயர்ன் பிரிவிலிருந்து மூத்த அக்கா வந்தாள். பேசவில்லை. முழுக்கையைச் சுருட்டிவிட்டுக் கையைப் பலகைப் பக்கத்தில் நீட்டினாள். வெள்ளையாக, தட்டையாக, அதே மூலை. பாக்கிங்கிலிருந்து இன்னொருத்தி ஓடி வந்தாள். அவளுடையது பழுப்பும் ஊதாவுமாகத் தடித்திருந்தது. நான் கட்டைப் பிரித்தேன், என்னுடையது ரோஸ். மூன்று கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். நீ இருந்திருந்தால் எது எந்த வருஷம் என்று பாடமே நடத்தியிருப்பாய். புதுப் பெண் எங்கள் கைகளைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். ஸ்டூலை இழுத்துத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். "இனிமே கம்பி இல்லாம நான் மிதிக்க மாட்டேன்" என்றாள்.

கம்பெனியில் நடந்த விபத்து என்று அதிகாரி எழுதிக்கொண்டார். முடிச்சை அவர் முன்னால் நான்தான் வெட்டினேன், கத்தரிக்கோலால். திங்கட்கிழமை கட்டிங் மேஜைக்குப் போகிறேன். சூப்பர்வைசர் அங்கேயேதான் இருக்கிறார். வணக்கம் சொல்வேன்.

அக்கா


மே 30

அக்கா,

கடைசியாக நீ வரைந்தது வந்தது. நடுவில் கோடே இல்லை, ‘வரைய ஒன்றும் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தாய். இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டினேன். சிரித்தார். பிறகு, "உன் இஷ்டப்படியே சொல்லிட்டு வந்தியாமே" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார்.

வேலை இன்னும் முடியவில்லை. மூடிய பிறகுதான் உள்ளே உடம்பு தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிற வேலை நடக்கும். ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அரிக்கும், சொறியாதே. தினம் எண்ணெய் தொட்டு மெதுவாக அழுத்தித் தேய். வெயில் படாமல் மூடி வை, இல்லையென்றால் கறுத்துவிடும். எவ்வளவு நன்றாக ஆறினாலும் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் நூற்றுக்கு எண்பதுதான் வரும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

பட்டமளிப்பு நாளுக்கு இன்னும் ஒரு தடவைகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. நேரில் கேட்பேன்.

உன் தங்கை


ஜூன் 8

அடியே,

நேரில் வந்து ‘மன்னிச்சிடு’ என்று மூக்கைச் சிந்தினாய் என்றால் அடிதான். ஒரு மேஜைக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டாய், நானும் காதில் வாங்கிவிட்டேன். எண்பதுவரை வந்துவிட்டது. பாக்கி இருபது என்னிடமே இருக்கட்டும். உன்னோடு சண்டை போட ஏதாவது வேண்டாமா?

நேற்று வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். காலையில் சூப்பர்வைசர் வந்து, "நீங்க மூணு பேரும் முழுக்கை போட்டு மூடிக்குங்கம்மா, பாக்க நல்லா இருக்காது" என்றார். நான் உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "வெயில் பட்டாத்தான் சார் மூடணும். நர்ஸ் எழுதியிருக்கா. இங்க உள்ளே ஏது வெயில்?" என்றேன்.

"எந்த நர்ஸு?" என்றார்.

"என் தங்கச்சி" என்றேன்.

ரூமிலிருந்து கம்பெனி வாசல்வரை மூடிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் சுருட்டிவிட்டோம், முழங்கைக்கு மேலே.

அக்கா